புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வர வேண்டும்

நேற்றுவரை மணலி கண்டெய்னர் யார்டில் டாலி எழுதிக்கொண்டிருந்தவர் இன்று ஷிஃப்ட் இன்சார்ஜ். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பல வருஷம் சேலைப் பிரிவில் நின்றவர் இப்போது ஃப்ளோர் மேனேஜர். திருவொற்றியூர் லேத் பட்டறையில் கைதேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இனிமே இந்த எட்டுப் பேரையும் நீதான் பார்த்துக்கணும்" என்கிறார் முதலாளி. வடசென்னையில் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. பயிற்சி இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதியும் தரமாட்டார்கள். சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் கைக்கு வரும், அவ்வளவுதான்.

அப்படிப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைமை பற்றியும் வேலையிடப் பண்பாடு பற்றியும் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில், நம் பட்டறைக்கும் கடைக்கும் யார்டுக்கும் உதவுபவற்றை எடுத்து, எப்போது எதைச் செய்யலாம் என்ற வரிசையில் தந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். உங்கள் இடத்தில் ஏதாவது தப்பாகப் போனால், அந்தச் செய்தி முதலில் உங்களிடம் வர வேண்டும், சீக்கிரமாகவும் வர வேண்டும். அது வருகிற மாதிரி நடந்துகொள்வதுதான் புதிய பொறுப்பாளரின் முதல் வேலை.

நம் பகுதியில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. இங்கே வேலையிடத்தில் நடப்பது மதிலுக்குள் நிற்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போன குழாயில் அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடியவர்கள் அக்கம்பக்கத்து மீனவக் குடும்பங்கள். ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு தெரு மட்டுமே இருக்கிற ஊரில், "என்னமோ வாசனை வருதுண்ணே" என்று ஒரு ஹெல்பர் தயங்காமல் சொல்ல முடிவது எல்லாரையும் பாதுகாக்கிற விஷயம்.

பொறுப்பேற்கும் முன்

உங்களுக்கு இந்தப் பொறுப்பு கிடைத்ததற்குக் காரணம், பழைய வேலையை நன்றாகச் செய்தீர்கள் என்பதுதான். அந்தத் திறமை புதிய வேலைக்குப் போதாது. ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் பல அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஆனால் மேலாளரான பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனையைப் பார்த்தால், முன்பு சாதாரணமாக விற்றவர்களின் குழுக்களைவிடப் பின்தங்கியிருந்தது. தானே செய்து பழகியவருக்கு அடுத்தவரைச் செய்ய வைப்பது தனி வேலை.

அதனால் முதல் நாளுக்கு முன்பே இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். உங்கள் பழைய வேலைகளில் எதை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் மெஷின் நின்றதும் நீங்களே ஸ்பானரோடு குனிந்துவிடுவீர்கள், பக்கத்தில் நிற்பவன் கடைசிவரை கற்றுக்கொள்ளவே மாட்டான். இரண்டாவது, நேற்றுவரை உங்களோடு டீ குடித்த நண்பர்களிடம் தனியாகப் பேசுங்கள். "மச்சான், லீவு, ஓ.டி. விஷயத்துல உனக்கும் மத்தவங்களுக்கும் ஒரே கணக்குதான். தப்பா எடுத்துக்காத" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் குறையும்.

முதல் வாரம்: பெயர், அப்புறம் மூன்று கேள்விகள்

எல்லாருடைய பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். எளிதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பதில்லை. பெர்மனன்ட் ஆட்களின் பெயர் தெரியும், காண்ட்ராக்ட் ஆட்கள் "காண்ட்ராக்ட்டு" என்றே அழைக்கப்படுவார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்பவர்களை "ஏய் ஹிந்தி" என்று கூப்பிடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. இதை நீங்கள் முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில், அந்த ஆள் எதற்காக வாய் திறந்து "சார், கயிறு பிய்ஞ்சிருக்கு" என்று சொல்லப்போகிறார்?

உலக சுகாதார அமைப்பின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் இதற்கு ஒரு வரியே ஒதுக்கியிருக்கிறார்கள். கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வெளியானது. பெயர் சொன்னதால் மட்டும் உயிர் பிழைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெரிய டாக்டர் முன்னால் ஒரு நர்ஸ் ஒருமுறை வாய் திறந்துவிட்டால், அடுத்த முறை பேசுவது சுலபம் என்பதற்காகத்தான் அந்த வரியை அதில் வைத்திருக்கிறார்கள்.

வயதில் மூத்தவர்களை இதுவரை "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் அப்படியே தொடருங்கள். பதவி வந்ததும் அது "என்னப்பா" ஆகிவிட்டால், அந்த மாற்றம் ஒவ்வொருவர் காதிலும் விழும்.

பெயருக்கு அப்புறம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

"உங்க வேலையை எது ரொம்பத் தடுக்குது?"

"இங்க எது என்னைக்காவது ஒருநாள் ஆபத்தாகும்னு நினைக்கிறீங்க?"

"முன்னாடியே சொல்லி, யாரும் கண்டுக்காம விட்ட விஷயம் என்ன?"

மூன்றாவது கேள்விதான் புதையல். ஒரு கடையில் சரக்கு ஏற்றும் படியில் ஒரு பலகை ஆடும், அது எல்லாருக்கும் தெரியும், மேனேஜருக்கு மட்டும் தெரியாது. கேபினுக்குள் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். கேபின் என்றாலே திட்டு வாங்கும் இடம் என்று பழகியிருப்பார்கள். டீக்கடை, கேட் பக்கம், சாப்பிடும் இடம் இவையெல்லாம் நல்லது. பெண் பணியாளர்களிடம் பேசும்போது நாலு பேர் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடமாகப் பாருங்கள். பதில்களை எழுதிக்கொண்டு, அவற்றில் சின்னதாக ஒன்றை அந்த வாரமே சரிசெய்யுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருக்கட்டும், ஓடாத ஃபேனாக இருக்கட்டும். கேட்டதற்குப் பலன் உண்டு என்று ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் அடுத்ததைச் சொல்வார்கள்.

முதல் கெட்ட செய்தி வரும் நாள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் பொறுப்பின் மற்ற எல்லா நாட்களையும் இந்த ஒரு நாள்தான் தீர்மானிக்கும்.

எமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அவர்கள் தவறுகளை வெளியே சொன்னார்கள், மற்ற குழுக்கள் மறைத்தன. அதன் பிறகு ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட கட்டுரையில், தப்பை ஒத்துக்கொண்டாலோ கேள்வி கேட்டாலோ தனக்கு அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவில் எல்லாரும் நம்புகிற நிலையை 'உளவியல் பாதுகாப்பு' என்று விளக்கினார். அந்த நம்பிக்கை இருந்த குழுக்கள் அதிகம் கற்றுக்கொண்டன, அதன் வழியே நன்றாகவும் வேலை செய்தன. பிற்பாடு கூகுள் நிறுவனம் தன்னிடமுள்ள சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அதில் முதல் இடத்தில் நின்றதும் இதே உளவியல் பாதுகாப்புதான்.

இதை யார்டுக்குக் கொண்டுவருவோம். இரவு ஷிஃப்ட். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வந்து, "சார், ஃபோர்க் இடிச்சு ரெண்டு பெட்டி கிழிஞ்சிடுச்சு" என்கிறார். உங்கள் வாயில் முதலில் வருவது "கண்ணு எங்க வச்சிருந்த?" என்பதாக இருக்கலாம். அதைச் சொன்னால் இன்று மனசு ஆறும். ஆனால் சுற்றி நிற்கும் ஆறு பேரும் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: அடுத்த முறை கிழிந்த பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி அடுக்கிவிட வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியைத் திறக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

அதற்குப் பதிலாக இந்த வரிசையில் பேசிப் பழகுங்கள். முதலில், "யாருக்கும் அடிபடலையே?" அடுத்தது, "உடனே சொன்னது நல்லது." அப்புறம், "எப்படி ஆச்சுன்னு காட்டுங்க" என்று கூடவே நடந்து போங்கள். அங்கே போய்ப் பார்த்தால் லைட் எரியாமல் இருக்கும், தரையில் பள்ளம் இருக்கும், அல்லது மூன்றாவது ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்ததில் ஆள் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். கடைசியாக, "இது திரும்ப நடக்காம இருக்க என்ன செய்யலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். 'எப்படி ஆச்சு' என்பது முன்னால் வர வேண்டும், 'யார் செய்தது' என்பது தேவைப்பட்டால் பின்னால் வரட்டும்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. எதற்கும் திட்டாமல், எல்லாரையும் அனுசரித்துப் போவதைத்தான் ஆய்வு சொல்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலையின் தரத்தில் நீங்கள் கறாராகவே இருக்க வேண்டும். கை தவறி நடந்ததற்கும், தெரிந்தே விதியை மீறியதற்கும் வித்தியாசம் உண்டு. பெல்ட் போடாமல் உயரத்தில் ஏறுவது, குடித்துவிட்டு வண்டி எடுப்பது, பொய்க் கணக்கு எழுதுவது இவற்றுக்கு நடவடிக்கை கட்டாயம். இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கோடு தெரிந்தால்தான் அதற்கு உள்ளே இருக்கும் தப்புகளைப் பயமில்லாமல் சொல்வார்கள்.

கொடுக்க முடியாத விஷயத்திலும் கேளுங்கள்

"சம்பளம் ஏத்துறது என் கையில இல்லை, அதைப் பத்திக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று புதியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த ஒரு ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அச்யுதா அத்வர்யுவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெங்களூருவில் தலைமையகம் உள்ள ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில் இதைச் செய்தார்கள். ஊதிய உயர்வு வந்தது, ஆனால் தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அந்தச் சமயத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும், பெயர் வெளியே தெரியாத வகையில் வேலை பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது, கேட்கப்படாதவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்தது. கூடுதலாக ஒரு பைசா கொடுக்கவில்லை.

இதைத் தந்திரமாகப் பயன்படுத்தக் கூடாது. கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அடுத்த முறை யாரும் பேசமாட்டார்கள். வழி இதுதான்: கேளுங்கள், எழுதி மேலே அனுப்புங்கள், வந்த பதிலை அது 'முடியாது' என்றாலும் நேரில் வந்து சொல்லுங்கள். "போன வாரம் கேட்டேன், இந்த வருஷம் முடியாதுன்னுட்டாங்க, ஏப்ரல்ல மறுபடி கேக்கறேன்" என்பது ஒரு பதில். மௌனம் பதில் ஆகாது.

கேட்க ஆள் இல்லாவிட்டால் தொழிலாளர்கள் தாங்களே வழி தேடுவார்கள், அதில் தவறும் இல்லை. பெரம்பூரில் அதற்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது உட்படப் பல குறைகளோடு இருந்த காலத்தில்தான், 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியும் திரு.வி.க.வும் அதில் முன்னால் நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். உங்கள் இடத்தில் சங்கம் இருந்தால் அதை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்களிடம் நேரில் சொல்லத் தயங்குகிற செய்தி அவர்கள் வழியாகவாவது உங்களுக்கு வரும்.

மரியாதை

டொனால்ட் சல்லும் அவர் குழுவினரும் அமெரிக்கப் பெரு நிறுவனங்களிலிருந்து 2021-ல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகியதை ஆராய்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். யார் விலகுவார்கள் என்பதைச் சம்பளத்தைவிட 10.4 மடங்கு வலுவாகக் காட்டிக்கொடுத்தது நச்சுத்தனமான பண்பாடு. மரியாதைக் குறைவு, பாகுபாடு, நேர்மையின்மை, காலை வாரிவிடுவது, மிரட்டல் ஆகிய ஐந்தையும்தான் அவர்கள் நச்சு என்று எண்ணினார்கள்.

இந்த எண்ணைக் காட்டி, "சம்பளம் முக்கியமில்லையாம்" என்று சொல்லக் கிளம்பும் முதலாளிகளை நான் ஏற்கவே மாட்டேன். அது அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் கணக்கு. தண்டையார்பேட்டையில் மாத வாடகை கொடுக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் முக்கியம்தான். ஆனால் ஒரே சம்பளம் தரும் இரண்டு கடைகளில் எங்கே ஆட்கள் தங்குகிறார்கள் என்று பார்த்தால், அந்த ஐந்தும் நம் கண்ணுக்கும் தெரியும்.

நம் பகுதியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. "எந்த ஏரியா?" என்ற கேள்வி பல நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கப்படுகிறது. தண்ணீர் குடிக்கும் டம்ளரிலும், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதிலும் பிரிவினை தெரியும். பார்த்தால் அப்போதே நிறுத்துங்கள், நீங்களே எல்லாரோடும் கலந்து உட்காருங்கள். வடசென்னை முகவரி என்றாலே ரவுடி என்று பேசும் மேலதிகாரி இருந்தால், உங்கள் ஆட்களுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

கடையில் பொறுப்பு வகிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்த பெண்ணை முறைக்காதீர்கள். ஸ்டூல் எங்கோ ஸ்டோர் ரூமில் கிடந்தால் எடுத்து வந்து போடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான ஆட்கள் இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். உங்களிடம் யாராவது சொன்னால், நீங்களே பஞ்சாயத்துப் பேசி முடித்துவைக்காதீர்கள். குழுவிடம் போக உதவுங்கள்.

தினமும் பத்து நிமிஷம், ஒரு நோட்டு

ஷிஃப்ட் தொடங்கும்போது நின்றபடியே பத்து நிமிஷக் கூட்டம் போடுங்கள். நேற்று எது சரியில்லை, இன்று எதில் ஜாக்கிரதை, யாருக்கு எது வேண்டும், அவ்வளவு போதும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். ஹிந்தியில் பேசுபவர்கள் இருந்தால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேசியதை நோட்டில் எழுதுங்கள்: தேதி, பிரச்சினை, யார் பார்த்துக்கொள்கிறார், முடிந்ததா. நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பையைச் சுற்றியுள்ள நெசவாலைகளில் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட எளிய பழக்கங்களைத்தான் கொண்டுவந்தார்கள். குறைபாடுகளைப் பதிவுசெய்தல், மெஷின் நின்ற நேரத்தை எழுதுதல், சரக்கை ஒழுங்காக அடுக்கிப் பெயர் ஒட்டுதல் போன்றவை. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அந்தப் பழக்கங்களில் ஏறக்குறைய பாதியை ஆலைகள் கைவிட்டிருந்தன. மேலாளர் மாறியதும், மேலிடத்துக்கு நேரம் இல்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். அதனால் நோட்டை உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் எடுத்துப் படிக்கிற இடத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள்.

மேலே இருப்பவரிடம்

கீழே இருந்து செய்தி வரத் தொடங்கியதும் உங்கள் மேலதிகாரிக்கு, "இவன் வந்ததுக்கு அப்புறம்தான் பிரச்சினை ஜாஸ்தி" என்று தோன்றும். இது கட்டாயம் நடக்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்: "சார், முதல் ரெண்டு மாசம் கம்ப்ளைன்ட் எண்ணிக்கை கூடும். முன்னாடி மறைச்சது இப்ப வெளியே வருது." ஒவ்வொரு பிரச்சினையோடும் நீங்கள் எடுத்த நடவடிக்கையையும் சேர்த்துச் சொன்னால் அவர் காது கொடுப்பார்.

மூன்று மாதம் கழித்து

யாரிடமும் கருத்துக் கணிப்பு நடத்த வேண்டியதில்லை. நோட்டைப் புரட்டுங்கள். சிறு விபத்து நடக்க இருந்து தப்பிய சம்பவங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா? எழுதியவர்களில் காண்ட்ராக்ட் ஆட்கள், பெண்கள், வெளிமாநிலத்தவர் இருக்கிறார்களா, அல்லது எப்போதும் பேசும் அதே மூன்று பேர்தானா? உங்கள் யோசனை சரிவராது என்று இந்த மாதம் யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்களா? நடந்த சம்பவம் உங்களுக்குத் தெரிய எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை நாள் ஆனது?

நோட்டில் பல வாரங்களாகப் பிரச்சினை எதுவும் இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். யார்டிலும் பட்டறையிலும் அப்படி ஒரு மாதம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வாரமே மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, பேசாமல் இருக்கும் ஆட்களிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவராக மறுபடி போய்க் கேளுங்கள்.